கட்டைவிரல் அடிமூட்டும் ஒரு கூடைச் சாமானும்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, பாபநாசத்தில் தஞ்சாவூர்ப் பேருந்தில் ஏறி அமர்ந்தபோது என் மடியில் ஓர் ஒயர்கூடை இருந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றிய அரிவாள்மனை, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கி, மூடி இறுகிப்போன ஊறுகாய் பாட்டில், பாதி தொடுத்த கதம்பத்தோடு ஒரு பிடி வாழைநார், விடைத்தாள் திருத்திய சிவப்புப் பேனா ஒன்று, இவ்வளவும் அதற்குள் இருந்தன. சீட்டுக் கொடுத்த நடத்துநர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தனிக்குடித்தனமா?" என்று கேட்டார். கைவலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு வலிப்பது வலக்கையில், கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் உள்ள அடிமூட்டு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஓராண்டு கழிந்த பின்னர்தான் வலி தலைகாட்டியது. 32 ஆண்டுகள் சாக்கட்டி பிடித்தபோது வராத வலி, கை ஓய்ந்திருக்கும் காலத்தில் வருவானேன் என்று எனக்கு வியப்பாக இருந்தது. பூட்டில் சாவியைத் திருப்பும்போதும், துணி பிழியும்போதும், காப்பியை டபராவில் ஆற்றும்போதும் சுருக்கென்று குத்தும். மார்கழிக் காலையில் விரல்கள் மடங்கவே மறுக்கும். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் கையை வைத்திருந்த பிறகுதான் வசத்துக்கு வரும்.

அந்தக் கால் மணி நேரம் மருத்துவருக்கு ஒரு முக்கியமான துப்பு என்பதைப் பின்னால் அறிந்தேன். மூட்டுத் தேய்மானத்தில், அதாவது ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்லப்படும் நோயில், காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். ருமட்டாய்டு வாதத்தில் அது ஒரு மணி நேரத்தைக் கடந்தும் நீடிப்பது வழக்கம். புறங்கை முட்டிகளும் மணிக்கட்டும் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் சேர்ந்தே மெத்தென்று வீங்கும். தேய்மானமோ விரல்களின் நுனிமூட்டு, நடுமூட்டு, கட்டைவிரலின் அடிமூட்டு ஆகிய இடங்களைத் தேடிப் பிடிக்கும்; அங்கே எழும் புடைப்பு எலும்பைப் போல் கெட்டியாக இருக்கும். என் அம்மாவின் விரல் நுனிகளில் பட்டாணி அளவுக்குக் கணுக்கள் இருந்தன. நாற்றுப் பறித்துப் பறித்து வந்தவை என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். 18-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இந்தக் கணுக்களைக் கவனித்து, இவற்றுக்கும் கௌட் என்னும் வாதத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதிவைத்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1802-இல், அந்தக் குறிப்புகள் அச்சேறின. இன்றும் அவை ஹெபர்டன் கணுக்கள் என்றே அழைக்கப்படுகின்றன. அம்மா வழி, பெண்ணாகப் பிறந்தது, மாதவிடாய் நின்ற வயது ஆகிய மூன்றும் இந்நோய்க்கு வாசல் திறந்துவிடுபவை. எனக்கு மூன்றுமே பொருந்தின. வேலை மட்டுமே காரணம் என்றால் எங்கள் ஊர் நடவுப் பெண்கள் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும்.

எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த மருத்துவர் தேய்மானம் என்று உறுதிசெய்து, பூசிக்கொள்ள ஒரு ஜெல்லும், பிசியோதெரபிக்கு ஒரு சீட்டும் எழுதித் தந்தார். மாத்திரையைவிட ஜெல்லை முதலில் தந்தது சரியான முறைதான். கை மூட்டுகள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால் பூசும் மருந்து எட்டுகிறது, வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு நான் முதலில் போன இடம்தான் சரியாக அமையவில்லை. அங்கே 10 நாட்கள் கையை மெழுகில் முக்கினார்கள், பிறகு கரண்ட் வைத்தார்கள். மெழுகு இதமாகத்தான் இருந்தது. வெளியே வந்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த இதம் போய்விடும். அந்தப் 10 நாட்களில் ஒருவரும் என் கட்டைவிரலைப் பிடித்து அசைத்துப் பார்க்கவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்றும் கேட்கவில்லை. 11-ஆம் நாள் ஒரு பஞ்சுப் பந்தைக் கையில் கொடுத்து, தினமும் 100 தடவை அழுத்தச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் வீட்டுப்பாடம் செய்யும் மாணவியின் ஒழுங்கோடு அழுத்தினேன்; இரண்டே வாரத்தில் வலி இரட்டிப்பானது.

இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்தவர் ஓர் இளம்பெண். அவருடைய அம்மா என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. அதிலிருந்து நான் அவருக்கு டீச்சர் ஆகிவிட்டேன். (நேரில் வாம்மா, போம்மா என்றுதான் பேசுகிறேன், இங்கே மரியாதையோடு எழுதுவதே முறை.) அவர் முதலில் செய்தது, ஒரு பேனாவை என் கையில் கொடுத்து நன்றாக அழுத்தி எழுதச் சொன்னதுதான். எழுதும்போது என் கட்டைவிரல் எப்படி நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. நடுவில் இருக்கும் மூட்டு பின்பக்கமாக வளைந்து, அடிமூட்டு வெளியே துருத்தி, கட்டைவிரல் முழுவதும் கோணல்மாணலாக ஒரு படிக்கட்டைப் போல நின்றது.

பிறகு அவர் விளக்கிய கணக்கு என்னைத் திகைக்க வைத்தது. கட்டைவிரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் சேர்த்து ஒரு கிலோ விசையில் எதையாவது இடுக்கினால், நெம்புகோலின் கணக்குப்படி அடிமூட்டின் மேல் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது. இது 1970-களிலேயே கணக்கிட்டுச் சொல்லப்பட்ட செய்தி. குதிரைச் சேணம் போன்ற இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அமர்ந்திருப்பதுதான் அந்த மூட்டின் அமைப்பு. கட்டைவிரல் எல்லாப் பக்கமும் திரும்புவதற்காக அது தளர்வாகவே படைக்கப்பட்டிருக்கிறது. தாங்கிப் பிடிக்கும் நார்கள் தளர்ந்துவிட்டால் ஒவ்வோர் இடுக்கலிலும் எலும்பு சற்றே நழுவி வெளியே வரும். அப்படித் தளர்ந்த மூட்டுக்காரியிடம் பந்தைக் கொடுத்து 100 தடவை அழுத்தச் சொன்னால், நழுவும் எலும்பை நாளுக்கு 100 தடவை நழுவவிடுவதாகத்தான் முடியும். பந்து எல்லோருக்கும் ஆகாது என்பதில்லை. எனக்கு ஆகவில்லை, அவ்வளவே.

"வீட்டுல எதெதெல்லாம் கையைக் குத்துதோ அதையெல்லாம் அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க டீச்சர்" என்றார். அப்படித்தான் கூடை வந்தது.

ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பி, வீட்டில் செய்வது போலவே செய்து காட்டச் சொன்னார். நான் அரிவாள்மனைதான் முதல் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். காய் நறுக்கும்போது இரண்டு கைகளும் சேர்ந்து தள்ளுவதால் அதில் கட்டைவிரலுக்கு அவ்வளவு பாடில்லை என்று தெரிந்தது. அதன் நுனியில் தேங்காய் துருவும்போதும் மூடியை உள்ளங்கையில் ஏந்திச் சுழற்றினால் போதும், கட்டைவிரலால் அழுத்தத் தேவையில்லை என்று காட்டினார். உண்மையான எதிரி அந்த இடுக்கிதான். கொதிக்கும் குழம்புச் சட்டியின் விளிம்பை இடுக்கியால் பிடித்துத் தூக்கும்போது, மூன்று கிலோ எடையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தொங்குகிறது. அன்றோடு இடுக்கிக்கு ஓய்வு கொடுத்தேன். இப்போது எங்கள் வீட்டில் பாத்திரங்களை இரண்டு கைகளாலும் தடித்த துணி கொண்டுதான் இறக்குகிறோம். அரைச் சட்டிக்கு மேல் குழம்பு வைப்பதும் இல்லை, இரண்டு பேருக்கு அது எதற்கு என்று இவ்வளவு காலம் யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஊறுகாய் பாட்டிலைத் திறக்க, அதன் அடியில் ஈரத்துணியை விரித்து, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தோளிலிருந்து திருப்பும் முறையைக் கற்றுக்கொடுத்தார். துணி பிழிவதற்குக் குழாயில் சுற்றி இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கினால் மணிக்கட்டும் முழங்கையும் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. பேனாவுக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டிவிட்டார். பிடி பருமனாக ஆக, இடுக்கும் விசை குறைகிறது. கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதுவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். ஆகவே இந்தப் பதிவையும் பெரும்பாலும் வாயால் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன்; "மூட்டு" என்று சொன்னால் கைப்பேசி "மூட்டை" என்று எழுதுகிறது, அதைத் திருத்துவதற்குத் தமிழாசிரியராக இருந்தது உதவுகிறது.

கோலத்தை விட்டுவிடச் சொல்வார் என்று அஞ்சியிருந்தேன். சொல்லவில்லை. மாவை விரல் நுனியில் பிடிப்பதற்கு ஒரு குன்றிமணி அளவு விசைதான் வேண்டும், அதனால் மூட்டுக்குக் கேடில்லை, வாசல் தெளிக்கத் தூக்கிப்போகும் வாளிதான் கேடு என்றார். வாளியை அரையாக்கிக் கைப்பிடியை நான்கு விரல்களின் மடிப்பில் தொங்கவிட்டுக்கொள்ளச் சொன்னார். பூத்தொடுப்பது பற்றித்தான் எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. தஞ்சாவூர்க் கதம்பம் என்றால் மல்லிகையும் கனகாம்பரமும் மருவும் மரிக்கொழுந்தும் கலந்து, ஒவ்வொரு முடிச்சிலும் நாரைச் சுண்டி இறுக்க வேண்டும். அந்தச் சுண்டல்தான் அடிமூட்டில் போய் இடிக்கிறது. நாரின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு, இறுக்கும் இழுப்பை முழங்கைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். ஒரே மூச்சில் நான்கு முழம் தொடுக்காமல், ஒரு முழத்துக்கு ஒருமுறை கையை விரித்து வைக்கிறேன். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். என் அளவில், நான் வாங்கிய எந்த மின்சிகிச்சையைவிடவும் அந்தச் சன்னல் கம்பியே எனக்கு அதிகப் பயன் தந்தது.

பயிற்சிகளுக்கு வருகிறேன். முதல் பயிற்சி, காப்பி டம்ளரைப் பிடிப்பது போலக் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் அரைவட்டமாக வளைத்து, டம்ளர் இல்லாமலே, ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது. கட்டைவிரலின் எந்த மூட்டும் பின்பக்கம் மடங்கிவிடக் கூடாது என்பதுதான் இதன் உயிர். அடுத்தது, கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு ஒரு வளையம் செய்வது. வளையம் முட்டை போல நசுங்காமல் வட்டமாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது என்று அவர் சொன்னார். கையை மேசைமேல் வைத்து, ஆட்காட்டி விரலில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அதன் மறுமுனையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, அந்த விரலைக் கட்டைவிரல் பக்கமாக மெல்ல இழுக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் ஒரு சதை புடைப்பதைக் காணலாம். நழுவும் எலும்பைக் குழிக்குள் இழுத்து நிறுத்துவது அந்தச் சதைதான். வலி வந்தபின் அது வற்றிப்போய், என் கையில் அவ்விடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. இதற்கு எதிராக, உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரலை உள்ளே இழுக்கும் சதை இறுகிக் கிடக்கும். அதை மேசையின் மழுங்கிய விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தித் தளர்த்த வேண்டும். மற்றக் கையின் கட்டைவிரலால் அழுத்தத் தொடங்கினேன். "அந்தக் கட்டைவிரலையும் கெடுத்துக்காதீங்க" என்று தடுத்துவிட்டார்.

மற்ற விரல்களுக்காக ஒரு வரிசை உண்டு. விரல்களை நேராக நீட்டி, பிறகு நுனியையும் நடுவையும் மட்டும் கொக்கி போல மடக்கி, மறுபடி நீட்டி, அடுத்து முட்டியில் மட்டும் மடக்கி ஒரு கூரை போல வைத்து, கடைசியாகத் தளர்வாக மூடிப் பிடிப்பது. இந்த வரிசையால் தசைநாண்கள் தங்கள் உறைகளுக்குள் தாராளமாக வழுக்கிச் செல்கின்றன. மூட்டுக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு நீரை அசைவு பிழிந்து பிழிந்து ஊட்டினால்தான் அதற்குச் சாப்பாடு. வலிக்கிறது என்று கையைக் கட்டிப்போட்டால் அது பட்டினி கிடக்கும்.

எத்தனை தடவை என்ற கேள்விக்கு அவர் எண்ணிக்கையைவிட ஓர் அளவுகோலையே தந்தார். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி நீடித்தால் அன்று அளவு மீறிவிட்டது. மறுநாள் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். நான் ஆறு தடவையில் தொடங்கி, ஆவணி முடியும்போது 12-க்கு வந்தேன். வாரத்தில் மூன்று நாட்கள் ரப்பர் பேண்டு, மற்றவை தினமும்.

ஒத்தடத்துக்கு அவர் கொடுத்த இடம் பயிற்சிக்கு முந்தைய கால் மணி நேரம் மட்டுமே. மெழுகு கெட்டதில்லை, பாரஃபின் மெழுகோடு சிறிது மினரல் ஆயில் கலந்து 50 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் வைத்து, கையை எட்டுப் பத்துத் தடவை முக்கியெடுத்து, பாலித்தீன் உறையும் துண்டும் சுற்றி 15, 20 நிமிடங்கள் வைத்திருந்தால் விறைப்பு நன்றாகவே தளரும். அந்தத் தளர்ச்சி இருக்கும்போதே விரல்களை அசைத்துப் பழக்காமல் வீட்டுக்குப் போனால் காசுதான் கரையும். வீட்டு அடுப்பில் மெழுகு காய்ச்சுவது தீப்பிடிக்கும் வேலை, செய்யவே கூடாது. நம் பக்கத்துத் தவிட்டு ஒத்தடமே போதும். தவிட்டை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து, புறங்கையில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு மூட்டில் வைக்கலாம். சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவர்கள் சூட்டை உணர மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு இது ஆகாது. மூட்டு சிவந்து, தொட்டால் சுடுகின்ற நாட்களில் எனக்கும் ஒத்தடம் கிடையாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணிதான்.

ஸ்பிளிண்ட் என்னும் பட்டையைப் பற்றி எனக்கு நம்பிக்கையே இல்லாமல் இருந்தது. கட்டைவிரலின் அடியை மட்டும் கவ்விப் பிடித்து, நுனியையும் மற்ற விரல்களையும் விட்டுவிடும் சிறிய பட்டை அது. என் கை அளவுக்கு வெந்நீரில் இளக்கி வளைத்துச் செய்து கொடுத்தார். முதல் மாதம் ஒரு வேறுபாடும் தெரியவில்லை, குறைப்பட்டுக்கொண்டேன். அப்போது அவர் பிரான்சில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் உள்ள 112 பேரில் ஒரு பாதியினர் இரவில் மட்டும் பட்டை அணிந்தார்கள். முதல் மாத முடிவில் இரு பக்கத்தாரின் வலியும் ஒன்றுபோலவே இருந்தது, ஓராண்டு முடிவில்தான் பட்டை அணிந்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. பொறுமைக்கு இப்படி ஒரு கணக்கு கிடைத்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டு தினமும் அணிந்தேன். இரவிலும், பூத்தொடுக்கும்போதும் அணிகிறேன். நாள் முழுவதும் அணிந்தால் சதை சோம்பிவிடும் என்பதால் மற்ற நேரத்தில் கழற்றி வைக்கிறேன்.

இவையெல்லாம் அந்தப் பெண்ணின் சொந்தக் கருத்துகள் அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் அமைப்பு 2019-ஆம் ஆண்டுக்கென வகுத்த வழிகாட்டுதலில், கைத் தேய்மானத்துக்கு உறுதியாகப் பரிந்துரைக்கப்படுபவற்றில் பயிற்சியும், கட்டைவிரல் அடிமூட்டுக்கான பட்டையும் உண்டு. மெழுகும் ஒத்தடமும் நிபந்தனையோடு சொல்லப்படுகின்றன. மருந்துக் கடைகளில் மலிந்து கிடக்கும் குளுக்கோசமைன் மாத்திரை வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் அழுத்தமாகவே சொல்கிறது. நான் அதற்கு ஓராண்டு பணம் கொடுத்திருக்கிறேன். இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கைப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியிட்ட காக்ரேன் தொகுப்பு, பயிற்சியால் வலியும் விறைப்பும் குறைகின்றன, ஆனால் அந்தப் பயன் சிறியது என்றுதான் சொல்கிறது. தேய்ந்தது திரும்ப வளராது. எக்ஸ்-ரே படத்தில் என் மூட்டு இன்றும் அப்படியேதான் இருக்கும்.

மாறியிருப்பது வேறு. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைச் சுருட்டி, 20 வரை காற்றடித்து, அதைப் பிடித்து அழுத்தச் சொல்லி அவர் கைப்பிடியை அளப்பது வழக்கம். ஆனியில் என் வலக்கை முள்ளை 86 வரை ஏற்றியது, கார்த்திகையில் 118. புறங்கைப் பள்ளம் ஓரளவு நிரம்பியிருக்கிறது. சாவியைத் திருப்ப வீட்டுக்காரரைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. குத்தும் வலி வாரத்துக்கு இரண்டு நாட்களாகக் குறைந்திருக்கிறது. மழையோடு வாடைக்காற்று வீசிய ஐப்பசி வாரத்தில் மட்டும் நான்கு நாட்கள் என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

செலவைப் பற்றிக் கேட்டு எழுதுகிற தோழிகளுக்கு ஒரு சொல். தனியார் இடங்களுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்க வழியுண்டு. எங்கே போனாலும், கையைப் பிடித்துப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள். விரல்கள் மரத்துப்போவது, இரவில் கை எரிந்து எழுப்பிவிடுவது, காய்ச்சலோடு ஒரே மூட்டு திடீரென வீங்குவது ஆகியவை தேய்மானத்தின் வழக்கங்கள் அல்ல. அவற்றுக்குப் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தை பிறந்ததும் மறுபடி அளந்து பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை கூடையில் ஒரே ஒரு சாமான்தான், முறுக்கு நாழி. தீபாவளிக்கு நான் அதைத் தொடவில்லை, நாத்தனார் வந்து பிழிந்து கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு கைகளாலும் அழுத்தும் பழைய பித்தளை நாழி அது. திருகிப் பிழிகிற புதியது கட்டைவிரலுக்கு மேலா, இதுவே மேலா என்று பிழிந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், மாவையும் பிசைந்து எடுத்துவாருங்கள் என்கிறார். நடத்துநர் என்ன கேட்பாரோ தெரியவில்லை.